அணை திறந்த நேரமும் ஊருக்குத் தெரிந்த நேரமும்: ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் கணக்குக் கேட்பது எப்படி

2024 டிசம்பர் 2 அதிகாலை, ஊர் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணை ஆற்றில் வினாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் வெளியேறியது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. மேலே கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் என்று கொட்டிய மழை எல்லாம் ஆற்றுக்குத்தான் வந்தாக வேண்டும். திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று நான்கு மாவட்டங்களில் ஊருக்குள் தண்ணீர் புகுந்தது. அகரம்பள்ளிப்பட்டில் திறந்து மூன்று மாதமே ஆன பாலம் போனது. அரசூரில் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையே ஆறாக ஓடியது.

அப்புறம் சட்டமன்றத்தில் சண்டை. சொல்லாமல் திறந்துவிட்டீர்கள் என்றது எதிர்க்கட்சி. ஐந்து முறை எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு. இரண்டு தரப்பும் பேசி முடித்த பிறகும் கரையோர ஊர்க்காரருக்கு வேண்டிய பதில் கிடைக்கவில்லை. அந்த ஐந்து எச்சரிக்கைகளும் எந்த அலுவலகம் வரை வந்தன, எந்த மேசையில் நின்றன, எங்கள் தெருவுக்கு எத்தனை மணிக்கு வந்தன? இந்தக் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும், அதுவும் காகிதத்தில் கேட்க வேண்டும். அதற்கான வழிகளைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணங்கள் தென்பெண்ணையிலிருந்து வந்தாலும் தாமிரபரணி, வைகை, பாலாறு என்று எந்தக் கரையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் எண்களைப் பழகிக்கொள்ளுங்கள்

அதிகாரியிடம் பேசும்போது நம்மை வாயடைக்க வைப்பது இந்த எண்கள்தான், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கன அடி என்று செய்தியில் வருவது ஒரு வினாடிக்கு ஓடும் அளவு, ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். டிஎம்சி என்பது தேங்கி நிற்கும் அளவு, 100 கோடி கன அடி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் ஒரு டிஎம்சி.

சாத்தனூர் அணையின் முழு உயரம் 119 அடி, முழுக் கொள்ளளவு 7.32 டிஎம்சி. 1,68,000 கன அடி வீதம் தண்ணீர் போனால், முழு அணை அளவுத் தண்ணீர் 12 மணி நேரத்தில் போய்விடும். அப்படியொரு வரத்து வந்தால் அந்த அணையால் பிடித்து வைக்கவே முடியாது, திறக்காமல் விட்டால் அணைக்கே ஆபத்து. இதை நாம் நேர்மையாக ஒத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் "ஏன் திறந்தாய்" என்று சண்டை போட்டால் அணை உடைந்தால் என்ன ஆகும் என்ற ஒரே பதிலில் பேச்சு முடிந்துவிடும். நாம் பிடிக்க வேண்டிய இடம் அதற்கு முந்தைய இரண்டு நாட்கள். புயல் வருகிறது என்று வானிலை மையம் சொன்ன நேரத்தில் அணையில் எத்தனை அடி தண்ணீர் இருந்தது? முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து இடம் விட்டார்களா? மேலே கிருஷ்ணகிரி அணையிலிருந்தும் பாம்பாறு அணையிலிருந்தும் எவ்வளவு வருகிறது என்ற தகவல் எத்தனை மணிக்குச் சாத்தனூருக்கு வந்தது? வெளியேற்றம் ஒவ்வொரு மணிக்கும் எவ்வளவு கூடியது? பதில் சொல்ல வேண்டிய முடிவுகள் இவைதான்.

2015-ல் செம்பரம்பாக்கத்தில் இதே விவாதம் நடந்தது நினைவிருக்கும். அங்கே பின்னால் தணிக்கைத் துறையின் அறிக்கை வந்து, அணை நீரைக் கையாண்ட விதத்தில்தான் தவறு என்று சொன்னது. அந்த அறிக்கைக்கு அடிப்படை பதிவேடுகள். மணிவாரியாக வரத்து, இருப்பு, வெளியேற்றம் எழுதிவைத்த நோட்டுகள். அப்படிப்பட்ட நோட்டு உங்கள் அணையிலும் இருக்கிறது.

தண்ணீர் வடிந்த முதல் வாரத்தில் செய்ய வேண்டியது

வீட்டைக் கழுவவே நேரம் இருக்காது, தெரியும். ஆனாலும் ஊரில் இரண்டு மூன்று பேர் இதற்கென்று ஒதுங்குங்கள், படித்த பிள்ளைகள் இருந்தால் இன்னும் நல்லது.

தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதைப் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஊராட்சி அலுவலகம் மாதிரி பொதுச் சுவர்களில் பெயிண்டால் கோடு போட்டுத் தேதியோடு எழுதுங்கள். சேற்றுக் கறை நாலு மழையில் போய்விடும். கோட்டைப் போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் அடிக்கோலோ டேப்போ தெரிய வேண்டும்.

அப்புறம் நேரம். உயரத்தை விட இதுதான் முக்கியம், இதைத்தான் ஊர்கள் கோட்டை விடுகின்றன. "நடுராத்திரி வந்தது" என்று சொன்னால் எந்த விசாரணையிலும் நிற்காது. பெட்ரோல் பங்க், கடை, ரைஸ் மில் எங்கே கேமரா இருந்தாலும் ஓடுங்கள், பல கேமராக்களில் பழைய பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும். பால் சொசைட்டியில் அன்று காலை பால் எடுத்தார்களா, வண்டி எந்த இடத்தில் திரும்பிப் போனது, மின்சாரம் எத்தனை மணிக்கு நின்றது, யார் யாருக்கு யார் போன் செய்தார்கள், எல்லாம் நேரம் காட்டும் சாட்சிகள். செல்போனில் அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த எச்சரிக்கையை அழிக்காமல், வந்த நேரம் தெரியும்படி எடுத்து வையுங்கள். குறுஞ்செய்தி வரவே இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். டவர் செத்துப்போயிருந்தால் எந்த கம்பெனி, எத்தனை மணியிலிருந்து என்று எழுதுங்கள். தெருவுக்கு ஒரு பக்கம் போதும், கீழே அந்தத் தெருக்காரர்கள் ஐந்தாறு பேர் கையெழுத்து.

பிரதான ஆற்றை மட்டும் பார்க்காதீர்கள். அரசூர், இருவேல்பட்டு பக்கத்தை மூழ்கடித்தது தென்பெண்ணையிலிருந்து பிரியும் மலட்டாறு. கிளை ஆறு, ஓடை, ஏரி உபரி வாய்க்கால் எது வழியாக உங்கள் ஊருக்குத் தண்ணீர் வந்ததோ அதன் கரை எந்த இடத்தில் உடைந்தது என்பதைப் போட்டோவும் செல்போன் காட்டும் இடக்குறியுமாக (லொக்கேஷன்) பிடியுங்கள். எச்சரிக்கை "தென்பெண்ணைக் கரையோர மக்களுக்கு" என்று போயிருந்தால் மலட்டாற்றங்கரையில் இருப்பவர் அதைத் தனக்கு என்று எப்படி எடுத்துக்கொள்வார்?

தகவல் உரிமை மனு: "ஏன்" என்று கேட்காதீர்கள்

தகவல் உரிமைச் சட்டத்தில் இருக்கும் காகிதத்தைத்தான் வாங்க முடியும். "ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை" என்று எழுதினால் "வினா வடிவில் உள்ளது, தகவல் இல்லை" என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காகிதத்தின் பெயரைச் சொல்லி, தேதியும் நேரமும் குறித்துக் கேளுங்கள். நீர்வளத்துறையில் அந்த அணைக்குப் பொறுப்பான செயற்பொறியாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு இப்படி எழுதலாம்:

"2024 நவம்பர் 29 காலை 6 மணி முதல் டிசம்பர் 3 காலை 6 மணி வரை சாத்தனூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் ஆகியவற்றை மணிவாரியாகப் பதிந்த பதிவேட்டின் நகல். அந்த நாட்களில் மதகுகளைத் திறக்க உத்தரவிட்ட கடிதம், மின்னஞ்சல், தொலைபேசிக் குறிப்பு ஆகியவற்றின் நகல், உத்தரவிட்ட அலுவலரின் பதவியுடன். அதே நாட்களில் தங்கள் அலுவலகம் அனுப்பிய வெள்ள எச்சரிக்கைகள் அனைத்தின் நகல், அனுப்பிய நேரத்துடனும் பெற்றுக்கொண்டவரின் ஒப்புதலுடனும். அணையின் இயக்க வழிகாட்டுக் கையேட்டில் வெள்ளக்கால நீர்மட்டம் தொடர்பான பக்கங்களின் நகல். அணைக்கான அவசரகாலச் செயல்திட்டத்தின் நகல்."

இதே மாதிரி இன்னொரு மனு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு, மூன்றாவது வட்டாட்சியருக்கு. எச்சரிக்கை வந்த நேரம், அதை அடுத்த படிக்கு அனுப்பிய நேரம், இரண்டும் வேண்டும். மூன்று பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்கள் தெருக்காரர்கள் எழுதிய நேரத்தோடு சேர்த்துப் பாருங்கள். எங்கே எத்தனை மணி நேரம் தொலைந்தது என்று பளிச்சென்று தெரியும். அணையில் தவறே இல்லாமல் வட்டாட்சியர் அலுவலகத்தில் தாமதம் நடந்திருக்கலாம், அல்லது எல்லோரும் சரியாகச் செய்தும் கடைசியில் கிராம நிர்வாக அலுவலர் வேறு ஊரில் குடியிருந்திருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு யார் மீதாவது பழி போடுவதை விட இது மேல்.

நடைமுறை சுலபம். வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை, சான்று நகல் மட்டும் இணைக்க வேண்டும். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டால் அவர்களே ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், அங்கேயும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. ஆணையத்தில் தாமதம் ஆகும்தான், ஆனாலும் விடாதீர்கள்.

அணையின் பாதுகாப்பு என்று காரணம் காட்டி மறுக்க வாய்ப்பு உண்டு. அப்படி வந்தால் பத்தாவது பிரிவைச் சொல்லுங்கள்: ஒரு ஆவணத்தில் மறைக்க வேண்டிய பகுதி இருந்தால் அதை நீக்கிவிட்டு மீதியைத் தர வேண்டும். நாலு நாள் தண்ணீர்க் கணக்கில் மறைக்க என்ன இருக்கிறது?

அவசரகாலச் செயல்திட்டம் என்று மேலே எழுதினேனே, அதைப் பற்றி இரண்டு வார்த்தை. 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 30 முதல் அமலில் இருக்கிறது. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள எல்லா அணைக்கும் அது பொருந்தும், அதைவிடச் சிறிய சில அணைகளுக்கும் கூட. அணையை வைத்திருப்பவர், அதாவது நம் விஷயத்தில் நீர்வளத்துறை, வெள்ள எச்சரிக்கை ஏற்பாடு செய்ய வேண்டும், அது வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டும், பாதிக்கப்படக்கூடிய மக்களுக்குத் தகவல் போய்ச் சேர வழி செய்ய வேண்டும். பழைய அணைகளுக்கு அவசரகாலச் செயல்திட்டம் தயாரிக்க அந்தச் சட்டம் ஐந்து ஆண்டு கொடுத்தது. எந்த அளவு தண்ணீர் திறந்தால் எந்தெந்த ஊர் மூழ்கும் என்ற வரைபடம் அதில்தான் இருக்கும். உங்கள் ஊர் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்க உங்களைவிட உரிமை உள்ளவர் யார்?

கிராம சபையில் எப்படிக் கொண்டுவருவது

தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அணை விஷயத்தை எடுத்தால் "இது ஊராட்சி அதிகாரத்தில் இல்லை" என்பார்கள். உண்மைதான், கிராம சபை சொல்லி எந்த ஷட்டரும் ஏறி இறங்காது. ஆனால் எச்சரிக்கையை ஊருக்குள் சொல்வது, முகாம் எது என்று முடிவு செய்வது, ஒலிபெருக்கி வாங்குவது, வாய்க்கால் தூர்வாருவது எல்லாம் ஊராட்சியும் ஒன்றியமும் செய்ய வேண்டியவை. மேலேயுள்ள துறையிடம் கோரிக்கை வைக்கும் தீர்மானத்துக்கும் தடை இல்லை.

தீர்மானத்தை வீட்டிலேயே எழுதிக் கொண்டுபோங்கள். பொதுவாக "வெள்ளத் தடுப்பு நடவடிக்கை எடுக்கக் கோரி" என்று எழுதினால் அது கோப்பில் படுத்துவிடும். இந்தக் கரை, இந்தச் சர்வே எண், இத்தனை மீட்டர் நீளம், இந்தத் தேதிக்குள், இந்த அலுவலர் என்று எழுதுங்கள். வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கிவிட்டுத் தீர்மானத்தை "அப்புறம் எழுதிக்கொள்கிறோம்" என்று சொல்வது பல இடத்தில் நடக்கிறது, அதற்கு விடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, சபையில் வாசித்த பிறகுதான் கலைய வேண்டும். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், நகலும் கேளுங்கள். ஆட்கள் எண்ணிக்கையும் முக்கியம். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வேண்டும், 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர். குறைந்தால் கூட்டமே செல்லாது என்று பிறகு தள்ளிவிடலாம்.

யாரிடம் கேட்பது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். திருவண்ணாமலையும் கடலூரும் அந்தக் கணக்கில் வருகின்றன. விழுப்புரத்திலும் கள்ளக்குறிச்சியிலும் 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது, அதனால் அங்கே பதவிக்காலம் அப்போது முடியவில்லை. ஆக ஒரே ஆறு, ஒரே வெள்ளம், கரைக்குக் கரை பொறுப்பாளர் வேறு. பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர், மாவட்ட ஊராட்சித் தலைவர் இணைத் தலைவர். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாத மாவட்டத்தில் அந்த ஆணையத்தில் ஊர் மக்களின் குரலாக உட்காரக் கூடியவரும் இல்லாமல் போகிறார். எனக்கு இது மிகப் பெரிய குறையாகத் தெரிகிறது. உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போவதற்கும் வெள்ளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

ஏரி உடைந்து ஊர் மூழ்கியிருந்தால் அது யார் ஏரி என்று முதலில் பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது அந்த ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். தவறான வாசலில் ஆறு மாதம் நிற்க வேண்டாம்.

புதிதாகக் கட்டிய பாலமோ தடுப்பணையோ போயிருந்தால் ஒப்பந்தத்தின் நகலையும், குறைபாட்டுக்கு ஒப்பந்ததாரர் பொறுப்பேற்கும் காலம் எவ்வளவு என்ற பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். அந்தக் காலத்துக்குள் உடைந்தது என்றால் யார் செலவில் திரும்பக் கட்ட வேண்டும் என்பது அதிலேயே இருக்கும். தென்பெண்ணையில் 25 கோடி ரூபாயில் கட்டிய தளவானூர் தடுப்பணை 2021-ல் உடைந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

நிவாரணப் பட்டியலில் விடுபடாமல் இருக்க

2024 வெள்ளத்துக்கு அரசு அறிவித்தவை: 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான நெல் உள்ளிட்ட இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500, மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, குடிசைக்கு 10,000. பயிர்ச் சேதத்தைக் கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் துறை அலுவலரும் சேர்ந்து கணக்கெடுப்பார்கள். அவர்கள் வரும் நாளில் நிலத்தில் நில்லுங்கள். குத்தகைக்கு ஓட்டுபவர்கள் அடங்கலில் (கிராமத்துச் சாகுபடிக் கணக்கு) சாகுபடி யார் பெயரில் ஏறியிருக்கிறது என்று வெள்ளத்துக்கு முன்பே பார்த்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உழைத்தவர் ஒருவர், பணம் இன்னொருவர் கணக்கில்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பேரிடர் நிவாரண நிதி விதிகளில், வெள்ளம் நிலத்தில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ போட்டுவிட்டுப் போனால் அதை அகற்றச் சிறு, குறு விவசாயிகளுக்குத் தனி இனம் உண்டு, 2022-26 காலத்து விதிகளில் அது ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். பயிருக்கான தொகையோடு மனு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மணலில் குச்சி நட்டு, ஆழம் தெரியப் போட்டோ எடுத்து, தனியாக எழுதிக் கேளுங்கள். ஜேசிபி விட்டு அள்ளுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும்.

செத்த மாட்டைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரின் சான்று வாங்குங்கள். பட்டியல் தயாரானதும் அதை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள், ஒட்டாவிட்டால் மனு. விடுபட்டவர்கள் திங்கள்கிழமை ஆட்சியர் குறைதீர் நாளில் கூட்டமாகப் போய், ஆளாளுக்குத் தனி மனு கொடுத்து, ஆளாளுக்குத் தனி மனு எண் வாங்க வேண்டும். நூறு பேர் கையெழுத்துப் போட்ட ஒரே மனுவுக்கு ஒரே ஒரு பதில்தான் வரும். விவசாயிகள் குறைதீர் கூட்டம் மாதா மாதம் நடக்கும், நீர்வளத்துறைப் பொறியாளரும் வருவார், கரை உடைப்பை அவர் முகத்துக்கு நேரே கேட்க அதுதான் இடம். சட்ட உதவி வேண்டுமென்றால் தாலுகா நீதிமன்றத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவிடம் போங்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவசம்.

அடுத்த மழைக்கு முன்

நள்ளிரவு இரண்டு மணிக்கு அணையைத் திறந்தால் உங்கள் ஊரில் யாருக்குப் போன் வரும்? இதற்கு உடனே பெயர் சொல்ல முடியாவிட்டால் முதல் வேலை அதுதான். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சிச் செயலரும் பல ஊர்களில் வெளியூரில் இருந்து வருபவர்கள். ஊரிலேயே படுத்திருப்பவர்கள் யார் என்று யோசியுங்கள்: தலையாரி, தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர், பால் சொசைட்டிக்காரர், கோயிலிலோ பள்ளிவாசலிலோ மைக் சாவி வைத்திருப்பவர். இவர்களில் நான்கு பேரின் எண்ணை வட்டாட்சியர் அலுவலகத்தின் எச்சரிக்கைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தண்டோரா போடுவதை 2022-ல் அரசு நிறுத்தச் சொன்னது, சரியான முடிவு. ஆனால் அதற்குப் பதிலாக வர வேண்டிய ஒலிபெருக்கி உங்கள் ஊரில் இருக்கிறதா, கரண்ட் இல்லாமல் பேட்டரியில் ஓடுமா என்று பாருங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. மழை பெய்யாத ஒரு நாளில் 1077-க்கு அழைத்து எடுக்கிறார்களா என்று சோதியுங்கள்.

எச்சரிக்கையின் வாசகத்தையும் மாற்றக் கேளுங்கள். "தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்" என்றால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், ஒவ்வொரு வருஷமும் கேட்கிற வரிதானே. எத்தனை கன அடி திறந்தோம், அது உங்கள் ஊருக்குத் தோராயமாக எத்தனை மணிக்கு வரும், போன முறை கோடு போட்ட உயரத்துக்கு மேலா கீழா, எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று இருக்க வேண்டும். திறந்த நேரம் உங்களிடம் தகவல் உரிமைப் பதிலில் இருக்கும், தண்ணீர் வந்த நேரம் தெருக்காரர்கள் எழுதிய தாளில் இருக்கும். இரண்டையும் கழித்தால் அணையிலிருந்து உங்கள் ஊர் எத்தனை மணி நேரத் தூரம் என்பது கிடைக்கும். அந்தக் கணக்கை ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானமாக ஏற்றிவிட்டால், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் வட்டாட்சியர் என்ன செய்தார் என்று அக்டோபர் 2 சபையில் கேட்கலாம்.